திறவுகோல் இல்லாத பிரதி: நிஜின்ஸ்கி 1915-இல் எழுதிவைத்த நடனம்

'வனதேவனின் பிற்பகல்': பத்துப் பன்னிரண்டு நிமிடமே நீளும் ஒரு நடனம். ஆடுபவர்கள் எட்டுப் பேர். பாரிஸில் அரங்கேறிய நாள் 1912 மே 29. அதை அமைத்து, தலைமைப் பாத்திரத்தையும் ஏற்று ஆடிய ரஷ்ய பாலே கலைஞர் வாஸ்லாவ் நிஜின்ஸ்கி, மூன்று ஆண்டுகள் கழித்து அதன் அசைவுகள் முழுவதையும் குறியீடுகளில் தம் கைப்பட எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி எரிந்துபோகவில்லை, தொலைந்துபோகவும் இல்லை. லண்டனில், அப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பகுதியாக இருந்து இப்போது பிரிட்டிஷ் நூலகம் என்று வழங்கும் இடத்தில், ஆய்வாளர்கள் கேட்டால் எடுத்துத் தரும் நிலையில் இருந்தது. ஆனாலும் 1980-களின் பிற்பகுதி வரை அதிலிருந்து யாராலும் அந்த நடனத்தைத் திரும்ப ஆட முடியவில்லை.

நடனத்தை எழுதிவைப்பது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எந்தக் குறியீட்டு முறை சிறந்தது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. நிஜின்ஸ்கியின் பிரதி அந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி வேறொன்றை முன்னால் வைக்கிறது: எழுதுபவர் தம் வாசகருக்கு எவையெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று கருதிக்கொள்கிறார் என்பது. நடனத்தைப் பொறுத்தவரை நிஜின்ஸ்கி வாசகரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. தலை, உடல், கை, கால் என எல்லாவற்றையும் எழுதினார். குறியீட்டைப் பொறுத்தவரை மட்டும், தம்மைப் போலவே அதை அறிந்த ஒருவர் வாசிப்பார் என்று கருதினார். அப்படி ஒருவர் உலகில் இருக்கவில்லை.

நடனமும் அதன் கடினமும்

'வனதேவனின் பிற்பகல்' என்று தமிழில் சொல்லத்தக்க இந்த நடனம், க்ளோத் தெபுஸ்ஸி 1894-இல் முடித்த இசைக்குழுப் படைப்புக்கு அமைக்கப்பட்டது. அந்த இசை 110 அளவைகள் (இசைக்குறிப்பில் தாளத்தைப் பகுக்கும் கூறுகள்) கொண்டது. அதற்குத் தூண்டுதலாக இருந்தது ஸ்தெஃபான் மலார்மேயின் கவிதை. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொம்பும் வாலும் கொண்ட இளம் வனதேவன் ஒருவன் பாறைமீது படுத்துக் குழல் ஊதுகிறான், திராட்சை தின்கிறான். ஏழு அணங்குகள் நீராட வருகிறார்கள். அவர்களில் தலைவி ஒருத்தி அவனை எதிர்கொள்கிறாள், பிறகு விலகி ஓடுகிறாள். அவள் விட்டுச்சென்ற ஆடையை அவன் பாறைக்கு எடுத்துச்சென்று அதன்மேல் படுக்கிறான். அந்தக் கடைசி அசைவு காமத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது என்று 'லெ ஃபிகாரோ' நாளிதழின் ஆசிரியர் கஸ்தோன் கால்மெத் முதல் பக்கத்தில் கண்டித்தார்; சிற்பி ஒகுஸ்த் ரோதானின் பெயரில் 'லெ மத்தான்' இதழில் ஆதரவான மறுமொழி வந்தது. அந்தச் சர்ச்சையே இந்த நடனத்தின் புகழாக நிலைத்துவிட்டது என்பது அதன் துரதிர்ஷ்டம். நடனத்தின் உண்மையான புதுமை அதன் உடல்மொழியில் இருந்தது.

பழங்கிரேக்கக் கலயங்களிலும் புடைப்புச் சிற்பங்களிலும் உள்ள உருவங்களைப் போல, ஆடுபவர்களின் தலையும் பாதங்களும் பக்கவாட்டில் திரும்பியிருக்க, மார்பு மட்டும் பார்வையாளரை நோக்கியிருக்கும். மேடை ஓவியர் லெயோன் பாக்ஸ்ட் வரைந்த திரைச்சீலை மேடையின் முன்பகுதிக்கு நெருக்கமாகத் தொங்கவிடப்பட்டதால், ஆடுவதற்கு ஒரு குறுகிய பட்டை போன்ற இடமே மிஞ்சியது. நகர்வுகள் அந்தப் பட்டையில் இடவலமாகவே நிகழ்ந்தன. குதிகாலை முதலில் ஊன்றிப் பாதத்தை அழுத்தி வைக்கும் நடை. முழு நடனத்திலும் வனதேவன் ஒரே ஒரு முறைதான் தாவுகிறான். உயரத் தாவுவதற்காகவே பாரிஸ் கொண்டாடிய ஒரு நடனக் கலைஞர் தமக்கென அமைத்துக்கொண்ட நடனத்தில் இப்படி ஒரே தாவல் வைத்தது, பார்வையாளருக்கு அவர் கொடுத்த முதல் அதிர்ச்சி என்றே சொல்ல வேண்டும்.

ஆடுபவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை இருந்தது. பாலேயில் பழகிய உடல், ஒரு கட்டளை கேட்டதும் மற்றவற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும். கால் ஒரு நிலைக்குப் போனால் கை எங்கே இருக்க வேண்டும், தலை எப்படிச் சாய வேண்டும் என்பது ஆண்டுக்கணக்கான பயிற்சியில் ஊறியது. வனதேவனின் நடனத்தில் அந்தப் பழக்கம் எதுவும் உதவவில்லை. சொல்லப்போனால் தடையாகவே இருந்தது. 1910–11 குளிர்காலத்திலேயே நிஜின்ஸ்கி தம் தங்கை ப்ரோனிஸ்லாவாவை வைத்துக்கொண்டு வீட்டில் இதன் அசைவுகளைத் தேடத் தொடங்கினார். தாம் ஆடிவந்த ரஷ்ய பாலே குழுவுக்குக் கற்பித்தபோது, இவ்வளவு சிறிய நடனத்துக்கு வழக்கமில்லாத அளவுக்கு ஒத்திகைகள் நீண்டன. ஒரு விரல் மடங்குவதும்கூட நடன அமைப்பாளர் தீர்மானித்ததாக இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்ததில் இந்தப் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ஸ்டெபானோவ் விட்டுச்சென்ற முறை

நிஜின்ஸ்கிக்கு எழுதத் தெரிந்திருந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரசு நாடகப் பள்ளியில் விளதிமிர் ஸ்டெபானோவ் என்ற நடனக் கலைஞர் வகுத்த குறியீட்டு முறை பாடமாக இருந்தது. உடற்கூற்றியலையும் பயின்ற ஸ்டெபானோவ், 1892-இல் பாரிஸில் தம் முறையை நூலாக வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், இளம் வயதிலேயே இறந்தார். அவருக்குப் பின் அலெக்சாந்தர் கோர்ஸ்கியும், பிறகு நிக்கோலாய் செர்கேயெவும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஸ்டெபானோவின் அடிப்படை எண்ணம் எளியது: இசைக்கு இருக்கும் எழுத்தையே உடலுக்கும் பயன்படுத்துவது. மேற்கத்திய இசைக்குறிப்பில் இருப்பதுபோன்ற கோடுகளின்மேல் குறிகள் அமரும். இரண்டு கோடுகள் தலைக்கும் உடலுக்கும், மூன்று கோடுகள் கைகளுக்கும், நான்கு கோடுகள் கால்களுக்கும் ஒதுக்கப்பட்டன. குறி எந்தக் கோட்டில் அமர்கிறது என்பது உறுப்பின் திசையையும் உயரத்தையும் காட்டும். குறியின் இசை வடிவம் அந்த அசைவு எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதைக் காட்டும். மடங்குவது, திரும்புவது போன்றவற்றுக்குக் குறியின் காம்பில் சிறு அடையாளங்கள் உண்டு. இதனால் காலக்கணக்கு மிகத் துல்லியமாகிறது. இசைப் பிரதியையும் நடனப் பிரதியையும் அளவைக்கு அளவை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

இந்த முறையில் எழுதப்பட்ட பிரதிகளில் மிகவும் புகழ்பெற்றவை ரஷ்யாவில் பணியாற்றிய நடன அமைப்பாளர் மரியுஸ் பெத்திபாவின் பாலேக்களைப் பற்றியவை. ரஷ்யப் புரட்சிக்குப் பின் செர்கேயெவ் அவற்றை நாட்டுக்கு வெளியே எடுத்து வந்தார். 1930-களில் லண்டனில் விக்-வெல்ஸ் குழு 'ஜிசெல்', 'அன்ன ஏரி', 'உறங்கும் அழகி' ஆகியவற்றை மேடையேற்றியது அவற்றைக் கொண்டுதான். 1969-இல் அந்தத் தொகுப்பு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் நாடகச் சேகரத்தை அடைந்தது. 1999-இல் மரீன்ஸ்கி அரங்கு 'உறங்கும் அழகி'யை மீட்டபோது அதையே நாடியது. ஆனால் அந்தப் பிரதிகளைப் பார்ப்பவர் முதலில் கவனிப்பது அவற்றிலுள்ள வெற்றிடங்களை. கால்களின் அசைவும் மேடையில் யார் எங்கே நகர்கிறார் என்ற வரைபடமும் இருக்கும் பக்கங்கள் பல. கைகளுக்கும் தலைக்கும் ஒதுக்கிய கோடுகளோ பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும்.

இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. எழுதியவரும் வாசிக்கப்போகிறவரும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். கைகள் என்ன செய்யும் என்பதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். பரதநாட்டியம் பயிலும் மாணவியின் நோட்டுப் புத்தகத்திலும் இதையே காணலாம். 'தையா தை' என்ற சொற்கட்டு இருக்கும், தாளம் இருக்கும், எந்த அடவு எத்தனை முறை, எந்தப் பக்கம் முதலில் என்பது இருக்கும். அரைமண்டி எவ்வளவு தாழ வேண்டும், முழங்கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது எந்தப் பக்கத்திலும் இருக்காது. அது வகுப்பில் குருவின் தட்டுக்கழிக்கு முன்னால் கற்றுக்கொண்டது. நூறு ஆண்டுகள் கழித்து, அந்த வகுப்பு இல்லாத உலகில், அந்த நோட்டை ஒருவர் பிரித்தால் அவருக்குத் தாளம் கிடைக்கும், உடல் கிடைக்காது.

வனதேவனின் நடனத்துக்கு அப்படி நம்பி விட்டுவிடத்தக்க பள்ளி எதுவும் இல்லை. அதன் கைகளும் தலையும் வேறு எந்த நடனத்திலிருந்தும் வந்தவை அல்ல. ஆகவே நிஜின்ஸ்கி எல்லாவற்றையும் எழுத வேண்டியிருந்தது. தம்மிடமிருந்த கருவி அதற்குப் போதவில்லை என்பதால், கருவியையே மாற்றத் தொடங்கினார்.

புடாபெஸ்ட், 1915

1913 செப்டம்பரில் நிஜின்ஸ்கி ஹங்கேரியைச் சேர்ந்த ரோமோலா டி புல்ஸ்கியை மணந்தார். அதன் விளைவாக ரஷ்ய பாலே குழுவின் தலைவர் செர்கே தியாகிலெவ் அவரை விலக்கினார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது தம்பதியர் புடாபெஸ்டில் இருந்தார்கள். ரஷ்யக் குடிமகன் என்பதால் ஆஸ்திரிய-ஹங்கேரிய அரசு நிஜின்ஸ்கியை எதிரி நாட்டவராகக் கருதி, மனைவியின் தாயும் புகழ்பெற்ற நடிகையுமான எமிலியா மார்குஷின் வீட்டில் காவலில் வைத்தது. மேடை இல்லை, குழு இல்லை, ஒத்திகைக்கு ஆளும் இல்லை. 1916-இல் விடுவிக்கப்பட்டு அமெரிக்கா செல்லும்வரை அவருக்கு எஞ்சியிருந்த வேலை, நினைவில் இருந்த நடனத்தைத் தாளில் இறக்குவதுதான்.

1915-இல் எழுதிய பிரதியில் அவர் ஸ்டெபானோவின் இரண்டு, மூன்று, நான்கு என்ற கோட்டுப் பகுப்பைக் கைவிட்டு, இசைத்தாளில் உள்ள ஐந்து கோட்டு வரிசையையே உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் எடுத்துக்கொண்டார். கோடுகள் கூடினால் திசைகளையும் உயரங்களையும் இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டலாம். ஆனால் கோடுகளின் எண்ணிக்கை மாறியதும் ஒவ்வொரு குறியின் இருப்பிடமும் பொருள் மாறியது. ஸ்டெபானோவின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு நிஜின்ஸ்கியின் பிரதியைத் திறப்பவர் பழகிய குறிகளைக் காண்பார். அவற்றைப் பழைய விதிப்படி வாசித்தால் நின்று ஆட முடியாத உடல்களே கிடைக்கும்.

புதிய விதிகள் என்னவென்று அவர் பிரதியில் சேர்த்து எழுதவில்லை. பிறகு எழுத முயன்றார். 1917–18 காலத்தில் சுவிட்சர்லாந்தின் சான் மோரிட்ஸில் வாழ்ந்தபோதும் தம் குறியீட்டை வளர்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் வளர்த்தல் என்றால் மாற்றுதலும்தான். 1919 ஜனவரியில் பொதுமக்கள் முன் கடைசியாக ஆடினார். அதே ஆண்டு சூரிக்கில் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் அவருக்கு மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்தார். 1950 ஏப்ரலில் லண்டனில் இறக்கும்வரை அவர் மேடைக்கும் குறியீட்டுக்கும் திரும்பவில்லை. பிரதி இருந்தது, அதை வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதர் உயிரோடு இருந்தும் கேட்டு அறிய முடியாதவராக இருந்தார். ஒரு குறியீட்டை ஒருவர் மட்டுமே அறிந்திருப்பதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன்.

நினைவின் வழி

இதற்கிடையே நடனம் ஆடப்படாமல் போகவில்லை. 1916 தொடக்கத்தில் நியூயார்க்கில் லியோனித் மசீன் வனதேவனாக ஆடினார். 1922-இல் தியாகிலெவ் அதை மீண்டும் எடுத்தபோது ப்ரோனிஸ்லாவா நிஜின்ஸ்காவே ஆண் வேடமிட்டு ஆடினார். பின்னர் லியோன் வோய்சிக்கோவ்ஸ்கி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அவர்தான் 1931-இல் லண்டனில் மரி ராம்பர்டின் குழுவுக்கு அதைக் கற்பித்தார். ராம்பர்ட் குழு பல ஆண்டுகள் அதை ஆடிவந்தது. 1979-இல் ருடால்ஃப் நூரெயெவ் ஜாஃப்ரி பாலே என்ற அமெரிக்கக் குழுவுடன் நியூயார்க்கில் ஆடியதும் ராம்பர்ட் குழுவினரின் நினைவிலிருந்து வந்த வடிவமே. 1912-இலிருந்து எண்ணினால் ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குப் பல முறை கைமாறிவிட்ட நடனம் அது.

நினைவு வழியே வந்த வடிவங்களைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. உலகின் பெரும்பான்மை நடனங்கள் அப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. ஆனால் நினைவுக்கு ஒரு சாய்வு உண்டு. தலைமைப் பாத்திரத்தை ஆடியவர்கள் தம் அசைவுகளை நினைவில் வைத்திருந்தார்கள். அதைக் கற்பிக்கவும் விரும்பினார்கள். ஏழு அணங்குகளில் நான்காமவள் எந்த அளவையில் தலையைத் திருப்பினாள் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆட்கள் மாற மாற அணங்குகளின் அசைவுகள் ஒன்றைப்போல் ஒன்றாகிவிட்டன. நடனம் ஓர் ஆணின் தனி நடனமும் பின்னால் நகரும் தட்டையான உருவங்களுமாகச் சுருங்கியது. 1935-இல் பாரிஸில் செர்ஜ் லிஃபார் அணங்குகளையே நீக்கிவிட்டுத் தனியாக ஆடியது இந்தச் சாய்வின் எல்லை.

நிஜின்ஸ்கி ஆடியதைக் காட்டும் திரைப்படம் எதுவும் கிடையாது. இணையத்தில் பல லட்சம் பேர் பார்க்கும் 'நிஜின்ஸ்கி ஆடும் காட்சி' அசையாத நிழற்படங்களைக் கணினியில் அசைய வைத்துப் பிற்காலத்தில் செய்தது. அந்த நிழற்படங்கள் மட்டும் உண்மையானவை. பாரன் அடால்ஃப் டி மேயர் எடுத்த அவை 1914-இல் ஆல்பமாக வெளிவந்தன. அவற்றில் கைவிரல்களின் மடிப்பும் முகத்தின் கோணமும் அபாரமான தெளிவோடு இருக்கின்றன. ஆனால் ஒரு நிலைக்கு எப்படி வந்தார்கள், அங்கிருந்து எங்கே போனார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எந்த நிழற்படமும் சொல்லாது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் கரணச் சிற்பங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. நாட்டிய சாஸ்திரம் கூறும் 108 கரணங்களில் 81 தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் செதுக்கப்பட்டுள்ளன. மீதி 27-க்கான கற்கள் செதுக்கப்படாமல் நிற்கின்றன. சிதம்பரம் கோபுரங்களில் சிற்பத்தோடு அதற்குரிய சுலோகமும் பொறிக்கப்பட்டுள்ளது. கரணம் என்பது நின்ற நிலை அன்று, கையும் காலும் சேர்ந்து நிகழ்த்தும் அசைவு என்று பத்மா சுப்ரமணியம் வாதிட்டு, சிற்பத்தையும் சுலோகத்தையும் சேர்த்து வாசித்து அசைவுகளை மீட்க முயன்றார். கல்லும் நிழற்படமும் ஒரு கணத்தையே தருகின்றன. எழுத்து துணை வந்தால்தான் அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் திறக்கின்றன. லண்டனில் இருந்த பிரதிக்கு நேர்ந்ததோ இதன் மறுபக்கம்: எழுத்து முழுமையாக இருந்தது, அதைத் திறக்க உருவம் தேவைப்பட்டது.

திறவுகோல்

அந்த உருவத்தைத் தேடிக் கண்டவர்கள் இருவர். ஒருவர் ஆன் ஹட்சின்சன் கெஸ்ட்: 1940-இல் நியூயார்க்கில் நடனக் குறியீட்டு அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், லாபன் முறை என்ற நடனக் குறியீட்டின் முதன்மையான ஆசிரியர், 2022-இல் தம் நூற்று மூன்றாம் வயதில் மறையும்வரை உலகின் நடனக் குறியீடுகளை ஒப்பிட்டுக்கொண்டே இருந்தவர். மற்றவர் ஜெர்மன் நடன வரலாற்றாய்வாளர் க்ளாடியா யெஷ்கே. பிரதியைத் தனியே எடுத்துக்கொண்டு முட்டிமோதிய வரையில் வழி பிறக்கவில்லை. நிஜின்ஸ்கியின் பிற தாள்களில் இருந்த இரண்டு சிறு பயிற்சிகள்தான் வழியைத் திறந்தன.

ஒன்று, என்ரிக்கோ செக்கெத்தியின் பயிற்சிகளை அவர் தம் குறியீட்டில் எழுதிப் பார்த்தது. செக்கெத்தி ரஷ்ய பாலே குழுவின் ஆசிரியர். அவருடைய அன்றாடப் பயிற்சிகள் பாலே உலகம் முழுவதற்கும் தெரிந்தவை, நூலாகவும் பதிவானவை. இந்தப் பயிற்சியில் கால் எங்கே போகும் என்பது தெரியும். ஆகவே தாளில் இருக்கும் குறி என்ன சொல்கிறது என்று பின்னோக்கி அறியலாம். மற்றொன்று இன்னும் சுவையானது. 15-ஆம் நூற்றாண்டில் ஃப்ளாரன்ஸ் தேவாலயத்துக்காக லூக்கா தெல்லா ரோப்பியா செதுக்கிய பாடகர் மேடையில், பாடியும் ஆடியும் வாத்தியம் வாசித்தும் நிற்கும் சிறார் உருவங்கள் உண்டு. நிஜின்ஸ்கி அந்த உருவங்களின் நிலைகளைத் தம் குறியீட்டில் எழுதிவைத்திருந்தார். சிற்பம் இன்றும் ஃப்ளாரன்ஸில் இருக்கிறது, நிழற்படமும் கிடைக்கிறது. சிறுவனின் முழங்கை மடிந்திருக்கும் கோணத்தைக் கண்ணால் பார்த்து, அதற்கு நிஜின்ஸ்கி எந்தக் கோட்டில் எந்தக் குறியை இட்டார் என்று ஒப்பிடலாம். கால்களின் இலக்கணத்தைச் செக்கெத்தியும், கைகளையும் தலையையும் உடலையும் தெல்லா ரோப்பியாவும் கற்பித்தார்கள் என்று பொதுவாகச் சொல்லலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த இரு பயிற்சிகளையும் நிஜின்ஸ்கி திறவுகோல் என்று எண்ணி எழுதவில்லை என்பது. தம் முறை வேலை செய்கிறதா என்று தாமே சோதித்துக்கொள்ள, எல்லோருக்கும் தெரிந்த பொருள்களை எடுத்து எழுதிப் பார்த்தார். தெரிந்ததை எழுதிய தாள்களே தெரியாததை எழுதிய தாள்களை மீட்டன. அந்தத் தாள்களை 'வெறும் பயிற்சி' என்று யாரேனும் ஒதுக்கியிருந்தால், பிரிட்டிஷ் நூலகத்தின் பிரதி இன்றும் அழகான ஒரு புதிராகவே இருந்திருக்கும்.

லாபன் முறைக்கு மாற்றியது

விதிகள் தெளிந்த பின் பிரதியை லாபன் குறியீட்டுக்கு மாற்றினார்கள். ருடால்ஃப் லாபன் 1928-இல் வெளியிட்ட அந்த முறையில் வரிசை செங்குத்தாக நிற்கும். கீழிருந்து மேல்நோக்கி வாசிக்க வேண்டும். நடுக்கோடு உடலின் நடு; வலமும் இடமும் உடலின் வலமும் இடமும். குறியின் வடிவம் திசையையும், அதன் உள்ளே நிரப்பியிருக்கும் கருமை, புள்ளி, கோடு ஆகியவை தாழ்வு, நடு, உயரம் என்ற நிலைகளையும், அதன் நீளம் காலத்தையும் காட்டும். இசைக்குறிப்பின் நிழலிலிருந்து நடனக் குறியீடு விடுபட்டு, நகரும் உடலுக்கென்றே வரைந்த எழுத்தாக ஆனது இதில்தான் என்பது என் எண்ணம். ஸ்டெபானோவைவிட இதை வாசிப்பவர்கள் இன்று மிகுதி என்பது அதைவிட நடைமுறையான காரணம்.

ஆனால் ஒரு குறியீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எழுத்துக்கு எழுத்து பெயர்க்கும் வேலை அன்று. உடலை எங்கே பகுப்பது, மூட்டை அடிப்படையாகக் கொள்வதா வெளியின் திசையைக் கொள்வதா, எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் கணத்தை எப்போது தொடங்கியதாகக் கணக்கிடுவது என்பவற்றில் ஒவ்வொரு முறையும் தன் வழியில் முடிவெடுத்திருக்கும். ஒரு குறிக்கு இரண்டு வாசிப்புகள் இயலும்போது, டி மேயரின் நிழற்படங்களும் நினைவுவழி வந்த வடிவங்களும் துணை நின்றன. கெஸ்ட், யெஷ்கே இருவரின் வாசிப்பும் மாற்றிய பிரதியும் 1991-இல் நூலாக வெளிவந்தன. அதற்கு முன்பே, 1989-இல், நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கிலும் மான்ட்ரியாலின் கிராண்ட் பாலே கனடியன் குழுவிலும் நியூயார்க் ஜூலியார்ட் பள்ளியிலும் அந்தப் பிரதியிலிருந்து நடனம் மேடையேறியது.

பிரதி காட்டிய நடனம்

மேடையில் முதலில் வேறுபட்டுத் தெரிந்தவர்கள் அணங்குகள். ஏழு பேருக்கும் தனித்தனி அசைவுகள் எழுதப்பட்டிருந்தன. ஒருத்தி நிற்கும்போது இன்னொருத்தி நகர்கிறாள். ஒருத்தியின் தலை திரும்புவது மற்றவளின் கைக்கு மறுமொழியாகிறது. தட்டையான சித்திரப்பட்டை என்று பெயரெடுத்த நடனத்துக்குள் இவ்வளவு உரையாடல் இருந்தது நினைவு வழியில் ஏறக்குறைய முற்றிலும் மறைந்துபோயிருந்தது. தலைவிக்கும் வனதேவனுக்கும் இடையிலான சந்திப்பிலும், யார் முதலில் அசைகிறார், யார் பொறுக்கிறார் என்ற கால இடைவெளிகளே உணர்ச்சியைச் சுமக்கின்றன; அந்த இடைவெளிகளை அளவைக் கணக்கில் காட்டுவதுதான் இந்தக் குறியீட்டின் பலம். தெபுஸ்ஸியின் இசையைத் தாளத்துக்குத் தாளம் பின்பற்றாமல், அதன்மீது தளர்வாக மிதப்பதுபோலத் தோன்றும் இந்த நடனம் மிகக் கறாரான கணக்கில் அமைந்தது என்பது இதனால் தெரியவந்தது.

பிரதி தராதவையும் உண்டு. ஓர் அசைவு எங்கே தொடங்கி எங்கே எப்போது முடிகிறது என்பதைச் சொல்லும் ஸ்டெபானோவ் வழிவந்த குறி, அது எவ்வளவு அழுத்தத்தோடு நிகழ்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஒரே காலத்தில் ஒரே தூரத்தைக் கடக்கும் கை, தயங்கிச் செல்லலாம், அறுத்துச் செல்லலாம். அந்த இடத்தில் 1989-இன் நடனக் கலைஞர்கள் தம் காலத்து உடலையே தந்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. வோய்சிக்கோவ்ஸ்கியிடம் கற்றவர்களிடமிருந்து வந்த ஏதோ ஓர் எடை, ஏதோ ஒரு தாமதம் அங்கே கைகொடுத்திருக்கக்கூடும். ஆகவே எழுத்தா, நினைவா என்று கேட்டு ஒன்றைத் தள்ளிவிடுவதை நான் ஏற்க மாட்டேன். காலக்கணக்கிலும் பலருக்கிடையிலான உறவிலும் பிரதியை நம்ப வேண்டும். அசைவின் தன்மையில் நினைவுவழி வந்தவர்களைக் கேட்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால், அணங்குகளைப் பொறுத்தவரை பிரதிக்கே முதலிடம்.

இந்தப் பிரதியின் மதிப்பை அளந்து பார்க்க, நிஜின்ஸ்கியின் அடுத்த பெரும் படைப்போடு ஒப்பிடலாம். இகோர் ஸ்திராவின்ஸ்கியின் 'வசந்தப் பலி' இசைக்கு அவர் அமைத்த நடனம் சரியாக ஓராண்டு கழித்து, 1913 மே 29 அன்று, பாரிஸில் அமளிக்கிடையே அரங்கேறியது. சில நிகழ்ச்சிகளோடு கைவிடப்பட்டது. அதை அவர் எழுதிவைக்கவில்லை. மில்லிசென்ட் ஹாட்சனும் கென்னத் ஆர்ச்சரும் பல ஆண்டுகள் உழைத்து, இசைப் பிரதிகளின் ஓரங்களில் ஸ்திராவின்ஸ்கியும் மரி ராம்பர்டும் எழுதிய குறிப்புகள், வாலன்டைன் கிராஸ் அரங்கில் அமர்ந்து வரைந்த கோட்டோவியங்கள், எஞ்சிய உடைகள், பார்த்தவர்களின் எழுத்துகள் ஆகியவற்றைக் கோத்து, 1987-இல் ஜாஃப்ரி பாலே வழியாக மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மதிக்கத்தக்க ஆய்வு அது. ஆயினும் இரண்டு சான்றுகளுக்கு இடையில் இருந்த வெளியை ஹாட்சனே நடனம் அமைத்து நிரப்ப வேண்டியிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. வனதேவனின் நடனத்தில் கெஸ்டுக்கும் யெஷ்கேவுக்கும் இருந்த சிக்கல் வாசிப்பதில்தான். புதிதாக அமைக்கும் தேவை அவர்களுக்கு நேரவில்லை.

இதனால் ஓர் உற்சாகம் பிறந்து, 1989-க்குப் பிந்தைய நிகழ்ச்சிகளை '1912-இன் அசல் நடனம்' என்று விளம்பரப்படுத்தும் வழக்கம் வந்தது. அதை ஏற்க இயலாது. பிரதி எழுதப்பட்டது 1915-இல். அரங்கேற்றம் நடந்த நகரத்திலிருந்து வெகு தொலைவில், ஆடிய எவரும் அருகில் இல்லாமல், அமைப்பாளரின் நினைவிலிருந்து. நினைவுகூரும்போது படைப்பாளி திருத்துவார். மேடையில் சரியாக வராத ஓர் அசைவைத் தாளில் தாம் விரும்பியபடி எழுதியிருக்கலாம். ஏழு அணங்குகளில் ஒருத்தி செய்ய மறுத்ததை அவள் செய்ததாக எழுதியிருக்கலாம். அது பிரதியின் குறை ஆகாது. நிஜின்ஸ்கி தம் நடனம் எப்படி இருக்க வேண்டும் என்று இறுதியாக முடிவெடுத்தாரோ அதற்கு அதைவிட உறுதியான சான்று இல்லை. ஆனால் அந்த மே மாத இரவில் பாரிஸின் ஷாத்லே அரங்கில் இருந்தவர்கள் பார்த்தது அதுதானா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல இந்தப் பிரதியால் ஆகாது. இனி இதை மேடையேற்றும் குழுக்கள், நடன அமைப்பு நிஜின்ஸ்கி, பிரதி 1915, வாசிப்பு கெஸ்ட் மற்றும் யெஷ்கே என்று நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டால் போதும். 1912 என்ற ஆண்டை உடைகளுக்கும் திரைச்சீலைக்கும் அருகில் வைத்துக்கொள்ளலாம்.